பூச்சியம் தசம் எட்டு மூன்று

கோணேசபுரி வளாகத்திலிருந்து வந்தவள், பெயர் யாமினி.
மூன்று நாள் எங்கள் கிளையில் இருந்தாள்,
நகை அடகுப் பிரிவுக்கும் தண்ணீர்ப் போத்தலுக்கும் நடுவே
கைப்பிடி கழன்ற கதிரையில்.
இரண்டு நாடு, இரண்டு ஊர்,
எவருடைய வங்கிக்கு வினைத்திறன் கூட
என்பது ஆய்வு.
இங்கே திருகோணமலை.
அங்கே வங்காளதேசத்தில் குல்னா.

உள்ளீடு என்று எழுதினாள்:
ஊழியர் பதினொருவர், மின்சாரம், கடதாசி, வாடகை,
காவலாளி சில்வெஸ்டரின் இரவுப்படி.
வெளியீடு என்று எழுதினாள்:
கொடுத்த கடன், சேர்த்த வைப்பு, வந்த வட்டி.
"வினை விதைத்தால் வினைதானே அறுக்கலாம்" என்றேன்.
"அது வேற வினை அக்கா" என்று சிரித்தாள்.

பதினேழு வருடக் காசாளர் நான்.
பின்னேரம் காசு சரிவந்தால்
உலகமும் சரி என்று வீட்டுக்குப் போகிறவள்.

முதல் நாள் கைபேசிக் கடிகாரத்தை முடுக்கிவிட்டு
என் முதுகுக்குப் பின்னால் இருந்தாள்.
ஆளுக்கு நான்கு நிமிடம் பத்து விநாடி.
குல்னாவில் ஐந்து நிமிடமாம்.
கிரிக்கெட்டில் வென்றதுபோல்
எனக்கொரு சின்னப் பெருமை.
அன்று முத்திரையைக் கொஞ்சம் ஓங்கியே குத்தினேன்.

இரண்டாம் நாள்
மூதூர் வள்ளத்தில் வந்திறங்கிய றஸ்மியா
ஒற்றைக் காப்பைக் கைலேஞ்சியில் முடிந்து கொண்டுவந்தாள்.
வியாழக்கிழமை லோன்காரன் வருவான்,
அதற்குள் அடகு வைக்க வேண்டும்.
எத்தனை கொம்பனி என்று கேட்டேன்.
மூன்று விரலைக் காட்டினாள்.
பிறகு யோசித்து நான்காவதையும்.

வைப்புத் துண்டின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டேன்.
முழுத்தொகைக்கும் கடைசிவரை வட்டி என்றால் என்ன,
கட்டக் கட்டக் குறையும் வட்டி என்றால் என்ன,
எதை முதலில் அடைத்தால் மூச்சு வரும்.
நடுவில் மின்சாரம் போனது.
ஜெனரேட்டர் இருமி எழும்பும்வரை
இருட்டில் பெருக்கிக்கொண்டிருந்தோம்.
அவள் காப்பைத் திரும்ப முடிந்தாள்.
துண்டை மடித்து பேர்சுக்குள் வைத்தாள்.
பின்னேர வள்ளத்துக்கு எழும்பிப் போனாள்.

யாமினி கடிகாரத்தை நிறுத்தினாள்:
முப்பத்தெட்டு நிமிடம்.
வெளியீட்டு நிரலில் பேனா நின்றது.
கடன் இல்லை. வைப்பு இல்லை. வட்டி இல்லை.
"இதை எங்க போடுறது அக்கா?"
எனக்குப் பின்னால் முகாமையாளர் தொண்டையைச் செருமினார்.
வரிசையில் பதினான்கு பேர்.
பூச்சியம் போடு பிள்ளை என்றேன்,
நேரம் மட்டும் சரியாக இருக்கட்டும்.

வெளியே பஸ் நிலையத்துப் பக்கமிருந்து ஒரு மான்
வீதியைக் கடந்து வந்து
காசு இயந்திரத்தின் காலடியில் கிடந்த துண்டுகளை
நிதானமாக மென்றது.
யார் யாருடைய மீதியோ.
சில்வெஸ்டர் விரட்டவில்லை.
விரட்டுவது அவர் சம்பளத்தில் இல்லையாம்.

ஒன்பது மாதம் கழித்து முடிவு வந்தது.
குல்னாவுக்குப் பூச்சியம் தசம் ஏழு ஒன்பது.
எங்களுக்குப் பூச்சியம் தசம் எட்டு மூன்று.
முகாமையாளர் ரோல்ஸ் வாங்கித் தந்தார்.
ஒன்று எடுத்த கிளைக்குப் பெயர் இல்லை,
இலக்கம் மட்டும்.
அங்கே எவரும் இருட்டில் பெருக்குவதில்லைப் போலும்.

ஒன்றை யாமினிக்குச் சொல்லவில்லை.
மறு செவ்வாய்
எதிர்ப்பக்க அடகுக்கடைப் படியில்
றஸ்மியா இறங்கி வரக் கண்டேன்.
கைலேஞ்சி தட்டையாய் இருந்தது.
அவளும் என்னைக் கண்டாள்.
இருவரும் மானைப் பார்த்தோம்.

ஆகவே என் முப்பத்தெட்டு நிமிடத்துக்கு
நான் வக்காலத்து வாங்கவில்லை.
அந்தப் பூச்சியம் சரியாகவும் இருக்கலாம்.

ஆனாலும் ரோல்ஸ் தின்ற கையைத் துடைத்தபோது
குல்னாக்காரியை நினைத்தேன்.
அவளுக்கும் கண்ணாடிக்கு அப்பால் ஒரு வரிசை,
ஆற்றைக் கடந்து வந்த யாரோ ஒருத்தி,
முடிச்சை அவிழ்க்கும் விரல்கள்.
என்னைவிட ஆளுக்கு ஐம்பது விநாடி
கூடச் செலவழிக்கிறாள்.

அந்த ஐம்பது விநாடியில்
என்ன கேட்பாள்?